தென்பெண்ணையில் போன என் ஒட்டு

1. ஒட்டினவனும் ஏறணும்

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலை செங்கம் ரோட்டுப் பஞ்சர் கடையில் நான் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், மெட்ராஸ் என்ஜினியர் ஒருவர் ஜீப்பிலிருந்து ரப்பர் போட் ஒன்றை இறக்கினார். சாத்தனூர் அணைக்கு மேலே, காட்டுக்குள் தென்பெண்ணை எங்கெங்கே பாறையில் விழுந்து ஓடுகிறது என்று போட்டிலேயே போய்க் குறிக்க வந்தவர். போட்டின் பக்கவாட்டில் ஒரு சாண் கிழிசல்.

லாரி டியூபைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டை வைத்து, ஒரு நாள் முழுக்கப் பாரம் ஏற்றிவைத்தேன். மறுநாள் வேங்கிக்கால் ஏரியில் மிதக்கவிட்டோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஆத்துல நிக்குமா?" என்றார் என்ஜினியர்.

"நிக்கும் சார்."

"அப்ப நீயும் வாப்பா. துடுப்புப் போட ஒரு ஆள் வேணும்."

முதலாளி கரீம் பாய் சிரித்துவிட்டார். "கூட்டிட்டுப் போங்க சார். ஒட்டுப் போட்டுட்டு இங்க டீ குடிச்சினு உட்கார்ந்திருப்பான். ஒட்டுன்னா இன்னான்னு இப்பதான் தெரியும் இவனுக்கு."

எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

2. கல்லு மாதிரி

காட்டோரத்தில் எங்களை இறக்கிவிட்டு, டிரைவர் ஜீப்பை அணைப் பக்கம் ஓட்டிப் போய்விட்டார். முதல் வளைவிலேயே உலகம் கழன்று விழுந்தது. இரண்டு கரையும் மரம். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் துண்டு துண்டாக இறங்கி எங்கள் மடியில் விழுந்து, எழுந்து போயிற்று. பாறைகள் வருவதற்கு முன்னால் அவற்றின் சத்தம் வந்தது. சத்தத்துக்கு முன்னால் ஒரு குளிர் வந்தது. பிறகு ஆறு எங்களைத் தூக்கியது. வெள்ளை நுரைக்குள் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. அடுத்த நிமிஷம் கண்ணாடிபோல் தண்ணீர், அதன்மேல் ஒரு மீன்கொத்தி. நான் ஓடுகிறேனா, காடு ஓடுகிறதா? துடுப்புப் போடாத நேரமெல்லாம் என் வலது கை ஒட்டின்மேலேயே இருந்தது.

தண்ணீரின் குளிர்ச்சியில் போட் தொளதொளத்தது. ஒரு மணல்திட்டில் ஒதுங்கி, கல்லு மாதிரி ஆகும்வரை ஃபுட் பம்பை மிதித்தேன். கல்லாக இருந்தால்தான் பஞ்சர் கடைக்காரனுக்கு நிம்மதி.

உச்சிவேளையில் போட்டை வெயிலடிக்கிற பாறைமேல் இழுத்துப் போட்டுவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டோம். என்ஜினியர் மருதமரத்தடியில் கண்ணயர்ந்தார்; நானும் அதே நிழலில் சாய்ந்திருந்தேன். போட்டிலிருந்து 'டக், டக்' என்று சத்தம். தொட்டேன், சுட்டது. என் ஒட்டு அப்படியே இருந்தது. அதன் பக்கத்துத் தையல்தான் விரற்கடை அகலத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது.

லாரி டியூபுக்கு வெளியே டயர் உண்டு. வெயிலில் காற்று எவ்வளவு வீங்கினாலும் அது பிடித்துக்கொள்ளும். இந்த போட்டுக்கு டயர் இல்லை. நாலு வருஷம் டியூபோடு வாழ்ந்தவனுக்கு இது தோன்றவில்லை.

வால்வைத் திறந்தேன். சூடான காற்று முகத்தில் அடித்தது. என்ஜினியர் விழித்துக்கொண்டார்.

"என்னப்பா, ஒட்டு விட்டுப்போச்சா?"

பழைய போட்டு சார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "ஒட்டு நல்லாத்தான் கீது சார். நான்தான் காத்து ஜாஸ்தி அடிச்சிட்டேன். தையல் கிளம்பிடுச்சு."

"தாங்குமா?"

"சொல்யூஷன் போட்டு அழுத்தி வெக்கிறேன். காத்து கம்மியா இருந்தா தாங்கலாம்."

"நீச்சல் தெரியுமில்ல?"

"தெரியாது சார்."

"அடப்பாவி! காலையிலயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தன் மிதவைச் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினார். நடந்து போக வழியில்லை, காடு. தையல் காய்ந்ததும் ஏறினோம்.

3. கடைசிப் பாறைகள்

அதுதான் பெரிய இறக்கம். தொளதொளத்த போட் பாறையில் முட்டித் துள்ளவில்லை, வளைந்தது. ஒவ்வொரு பாறையின்மேலும் படுத்து, வழுக்கி, இறங்கியது. நாங்களும் அதோடு வளைந்தோம். வாயெல்லாம் ஆறு. கண் திறந்தபோது அணையின் அகலத் தண்ணீர், அசையாமல், வானத்தை வைத்துக்கொண்டு கிடந்தது. தையல் வழியாகச் சின்னக் குமிழிகள், வரிசையாக. என்ஜினியர் அவற்றைப் பார்த்தார். கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டார். நானும் போட்டேன்.

காற்று அடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை பவுண்டு என்று கேட்பதற்கு முன்னால், எதற்குள் அடிக்கிறோம் என்று பாருங்கள். டயருக்குள் போகிற காற்றுக்குக் காவல் உண்டு. ரப்பர் பூசிய வெறும் துணிக்குள் போகிற காற்றுக்கு நாம்தான் காவல். வெயில் ஏறும்போது மரத்தடிக்குப் போகாமல், கையை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.