பொன்னிக்குக் கட்டிய டோப்பா

1. மரத்தலையைத் தடவியவர்

சேந்தமங்கலத்தில் எங்கள் நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்த சமயம். இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் முந்தின நாள் ஆட்டத்து டோப்பாக்களை மரத்தலைகளில் மாட்டிச் சீவிக்கொண்டிருந்தேன். இப்போது மேக்கப் வேலைக்கு வருகிற தம்பிகள் 'விக்' என்கிறார்கள். எங்களுக்கு அது டோப்பாதான்.

தலைப்பாகை கட்டிய ஒருவர் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து, ராணி வேஷத்து டோப்பாவை எடுத்து உள்பக்கம் விரல் விட்டுத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது மனுச முடிங்களா?"

"இல்லைங்க. குதிரை முடியும் சணலும். நீங்க யாருங்க?"

பெயர் வெள்ளையன் என்றார். கொல்லிமலையில் திருப்புலி நாட்டுக்காரர். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. சாமையும் மிளகும் போடுகிற குடியானவர். முந்தின நாள் நாடகம் பார்க்க வந்திருக்கிறார். ராணி வேஷக்காரன் ஆட்டம் முடிந்ததும் தலைமுடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீடி பற்றவைத்ததைப் பார்த்துவிட்டு, மலையேற மனசு வராமல் கொட்டகைப் பக்கமே படுத்துவிட்டாராம்.

"என்ற மூத்த புள்ளைக்குத் தலையில ஒரு முடி இல்லீங்க. பைல் நாட்டுல கட்டிக் குடுத்தேன். முடி முளைச்சாக் கூட்டியாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இதாட்டம் ஒண்ணு கட்டித் தர முடியுங்களா?"

நாடக டோப்பா ஊட்டில் தினமும் மாட்டிக்கொள்ள ஆகாது என்று அவருக்கு விளக்கினேன். அதை ஸ்பிரிட் கம் என்கிற பசை தடவி நெற்றியில் ஒட்டுவோம். ஆட்டம் முடிகிறவரை தாங்கும். தினமும் ஒட்டினால் தோல் வெந்து புண்ணாகிவிடும். எங்கள் நடிகர்கள் பலருக்கு நெற்றி ஓரத்தில் அந்தத் தழும்பு இருந்தது. தலையைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றேன். மறுநாளே என்னைக் கூட்டிப்போகத் தானே வந்து நின்றார். கம்பெனியில் புது நாடகம் ஒத்திகையில் இருந்ததால் முதலாளி லீவு கொடுத்தார். மலைக்கு ரோடு கிடையாது. அவர் பின்னால் நடந்தேன்.

2. என்னவெல்லாம் செய்யலாம்

பொன்னிக்கு இருபது வயதிருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள் இருட்டில் இருந்தாள். தங்கச்சி செல்லி கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்தாள்.

காய்ச்சலில் கொட்டிய முடி என்றால் தடவும்போது சொரசொரவென்று கைக்குத் தெரியும். காத்திருந்தால் தானாக வரும். பொன்னியின் தலை முட்டை ஓடு போல வழுவழுவென்று இருந்தது. முதலில் காசு அளவு வட்டமாகக் கொட்டி, வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் புருவமும் போய்விட்டதாம். எங்கள் கம்பெனி ஆர்மோனியக்காரர் ஒருவருக்கு இப்படி ஆகித் திரும்பி வரவே இல்லை. நான் வைத்தியன் இல்லை. "வரலாம், வராமலும் போகலாம்" என்று மட்டும் சொன்னேன். வெங்காயச் சாற்றையும் பச்சிலையையும் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் தோல் உரிந்திருந்தது. முதலில் அதை நிறுத்தச் சொன்னேன்.

சவுரி கட்டலாமே என்று அம்மாக்காரி கேட்டாள். சவுரியை முடிந்துவிடச் சொந்த முடி கொஞ்சமாவது வேண்டும். முடி குறைந்தவர்களுக்கு அது போதும், ஒன்றுமே இல்லாதவர்களுக்கு உதவாது. பொன்னிக்கு ஏற்றது ஒன்றுதான். தலை அளவுக்கு மெல்லிய துணித்தொப்பி தைத்து, அதன்மேல் வலை வைத்து, மனித முடியைச் சிறு கொக்கி ஊசியால் இழை இழையாக முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். பசை வேண்டியதில்லை. பின்கழுத்தில் ஒரு நாடா, அதை மறைக்கக் கொண்டை. புருவத்துக்கு மை.

"முடி எங்கிருந்து வருமுங்க?" என்றார் வெள்ளையன்.

"கோயில்ல மொட்டை போட்ட முடி விலைக்குக் கிடைக்கும்."

"வேண்டாமுங்க. எவ முடியோ, அவ இருக்கறாளோ செத்தாளோ, அது எப்படிங்க என்ற புள்ளை தலையில ஏறும்?"

செல்லி தன் கொண்டையை அவிழ்த்தாள். இடுப்புக்குக் கீழே விழுந்தது.

"என்றதை எடுத்துக்குங்க. எனக்கு வளந்துரும்."

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை கண்ணு," என்றாள் அம்மா.

"அதுக்குள்ள வளந்துரும்னுதானே சொல்றேன்."

பொன்னி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெள்ளையன் அதற்குள் கத்தி கொண்டுவர எழுந்துவிட்டார்.

3. முடியின் திசை

செல்லியை அரப்புப் போட்டுத் தலை அலசச் சொல்லிக் காயவைத்தேன். வேர்ப்பக்கத்தை நூலால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் வெட்ட வேண்டும். வேரும் நுனியும் கலந்துவிட்டால் கட்டிய டோப்பா நாள்பட நாள்படச் சிக்குப் பிடித்துக் கந்தல் போல ஆகிவிடும். பின்கழுத்து அளவில் வெட்டினேன். செல்லி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வெட்டி முடிந்ததும் தலையை ஆட்டிப் பார்த்து, "ஐயோ, தலை பறக்குது அக்கா" என்று சிரித்தாள்.

கம்பெனி வேலைக்கு நடுவே கட்டி முடிக்க மாதங்கள் ஆயின. மலையேறி மாட்டிவிட்ட அன்று பொன்னி கண்ணாடியில் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். செல்லி சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

"தலையை மெதுவா ஆட்டு அக்கா. என்ற முடியாச்சே, என்ற தலை வலிக்குது."

அந்த ஊட்டில் எல்லாரும் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

படுக்கும்போது கழற்ற வேண்டும், ஈரத்தோடு மாட்டக்கூடாது, நிழலில்தான் காயவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சம்பந்தி ஊட்டுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று வெள்ளையனைக் கேட்டேன். "முளைச்சிருச்சுன்னுதான் சொல்லோணும். அதை நாங்க பாத்துக்கறோமுங்க" என்றார். பொன்னியைப் புருஷன் சின்னையன் வந்து கூட்டிப்போனான். வழியிலேயே அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். "எங்கம்மாவுக்குத் தெரியாம இருந்தாச் சரி" என்று அவன் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

4. தங்கச்சி சாவு

அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு, முடிச்சுகள் தளர்ந்திருந்தால் சரிபார்த்துத் தரலாம் என்று கொக்கி ஊசியும் வலைத்துண்டும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். அந்த வருஷம் மலைக்காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியிருந்தது. யுத்தத்தால் க்வினைன் மருந்து எங்கும் கிடைக்கவில்லை. வெள்ளையன் ஊட்டுக்கு முன்னால் கூட்டம் நின்றது. காய்ச்சலில் செல்லி போய்விட்டாள்.

வாசலில் பாயில் கிடத்தியிருந்தார்கள். முடி தோள் வரைக்கும்தான் வளர்ந்திருந்தது. வந்த பெண்கள் அதைத்தான் பேசினார்கள். "கன்னிப் புள்ளை தலை ஏன் இப்படி இருக்குது?" என்று ஒருத்தி கேட்டாள். பைல் நாட்டிலிருந்து பொன்னியும் சின்னையனும் மாமியாரும் வந்து சேர்ந்தார்கள். பொன்னி தங்கச்சியின் மேல் விழுந்து அழுதபோது கொண்டை சரிந்து, நீளமான பின்னல் செல்லியின் மார்பின்மேல் புரண்டது. அம்மாக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து நேராக என்னிடம் வந்தாள்.

"சாமி, என்ற புள்ளை தோளளவு முடியோட மண்ணுக்குள்ள போறா. அவளுதை அவளுக்கே கழட்டிக் குடுத்துருங்க."

நான் குரலைத் தாழ்த்தி, "அம்மா, சம்பந்தியம்மா நிக்கறாங்க. இப்பக் கழட்டினா பொன்னி வாழ்க்கை என்னாகறது?" என்றேன்.

"தெரியுமுங்க. ரெண்டும் நான் பெத்ததுதானுங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க."

வெள்ளையன் வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "வாய மூடு. ஒருத்தி போயிட்டா. இருக்கறவளை நெனை."

அவர்கள் பேசியது பொன்னிக்குக் கேட்டிருக்க வேண்டும். எழுந்து நின்றாள். பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் நாடாவை அவிழ்த்தாள். யாரும் தடுப்பதற்குள் டோப்பா கையில் இருந்தது. கூட்டத்தில் சில பெண்கள் பின்வாங்கினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொன்னி அதைத் தங்கச்சி தலையில் வைத்தாள். அவள் தலை அளவுக்குக் கட்டியது, செல்லிக்குச் சற்றுப் பெரிது. நெற்றியில் வழுக்கி இறங்கியது. இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிக்க மாட்டேங்குதுங்க. சரி பண்ணிக் குடுங்க."

மேடையில் செத்தவன் வேஷம் போட்ட எத்தனையோ பேருக்குத் தலை சரிபண்ணியிருக்கிறேன். செல்லியின் தலைமாட்டில் உட்கார்ந்தபோது ஊசியில் நூல் கோக்க வரவில்லை. பொன்னிதான் கோத்துக் கொடுத்தாள். உள்துணியை இரு பக்கமும் மடித்துத் தைத்து, சொந்த முடியோடு சேர்த்துக் கட்டினேன். வகிடு எடுத்துச் சீவினேன். அது அவளுடைய முடி. சீவியதும் அவளுக்குப் பொருந்திப்போயிற்று. அம்மாக்காரி அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

மாமியார் சத்தம் போடவில்லை. "இதைத் தலையில வெச்சுக்கிட்டுத்தான் என்ற ஊட்டுல வெளக்கு ஏத்துனயா?" என்று மட்டும் கேட்டாள். சின்னையன் அடக்கத்துக்கு நின்றான். மண் தள்ளினான். எல்லாம் முடிந்ததும் பொன்னி இருந்த பக்கம் பார்க்காமல் அம்மாவின் பின்னால் இறங்கிப் போனான். தை மாதத்தில் அவனுக்கு வேறு கல்யாணம் ஆனது.

5. பொன்னி கேட்டது

எனக்கு மனசு ஆறவில்லை. விலைக்கு நல்ல முடி வாங்கி, முன்பைவிட மெல்லிய வலையில் இன்னொரு டோப்பா கட்டி எடுத்துக்கொண்டு போனேன். பொன்னி காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் தலையைச் சுற்றியிருந்தாள். துணியைப் பிரித்து டோப்பாவைக் காட்டினேன்.

தொட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க. வேண்டாமுங்க."

"யார் முடியோன்னு யோசிக்கறயா?"

"அதில்லீங்க. அது தலையில இருந்தப்ப அவுந்துருமோ அவுந்துருமோன்னே இருந்தேன். குனிய முடியாது, கூடை எடுக்க முடியாது, மழையில நிக்க முடியாது. அப்பனுக்கும் அந்த ஊட்டுக்காரங்களுக்கும் வேண்டியிருந்துச்சு. எனக்கு வேண்டியிருந்துச்சான்னு யாரும் கேக்கலீங்க."

"உனக்கு என்ன வேணும், சொல்லு கண்ணு."

அவள் தலைத்துணியை எடுத்துக் காட்டினாள். வெயில் பட்டு உச்சந்தலை கன்றிச் சிவந்திருந்தது. கூடை அழுத்திய இடத்தில் தோல் வழண்டு காய்ந்திருந்தது. முடி இருக்கிற தலைக்கு முடியே ஒரு மெத்தை. இத்தனை வருஷம் தலைகளோடு புழங்கியும் அது எனக்குத் தோன்றியதே இல்லை.

"மெத்துன்னு ஏதாச்சும் தெச்சுக் குடுங்க. முடி வேண்டாம்."

அங்கேயே உட்கார்ந்து டோப்பாவிலிருந்து முடியை வலையோடு பிரித்தேன். வெறும் துணித்தொப்பி மிஞ்சியது. டோப்பாவைச் சுற்றி எடுத்துவந்த என் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு மடிப்பு உள்ளே வைத்து, தையல் எதுவும் தோலில் படாமல் வெளிப்பக்கம் பார்த்துத் தைத்தேன். வியர்வை இழுக்கவும் துவைக்கவும் வசதியாகக் கழற்றும் துணி ஒன்று அடியில் வைத்தேன்.

யுத்தம் முடிந்து, நாடகக் கம்பெனியை விட்டு, சேலத்தில் தனியாகக் கடை வைத்தேன். முடி இழந்தவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். பெரும்பாலும் அப்பாவோ புருஷனோ அம்மாவோ கூட்டிவருவார்கள். அவர்களே பேசுவார்கள், அவர்களே முடியின் நீளமும் சொல்வார்கள். அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தலைக்குச் சொந்தக்காரரிடம் முதலில் கேட்பேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. பலர் டோப்பாதான் கேட்டார்கள், சந்தோஷமாகக் கட்டிக்கொடுத்தேன். சிலர் கைக்குட்டை போதும் என்றார்கள். ஒன்றும் வேண்டாம், சும்மா கூட்டிவந்துவிட்டார்கள் என்று சொல்லி அழுதவர்களும் உண்டு. இந்த வேலைக்கு வருகிற தம்பிகள் அளவுநாடாவை எடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று பொன்னி தொப்பியைப் போட்டு, அதன்மேல் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். களைக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக் கையை விட்டாள். வரப்பில் கொஞ்சதூரம் போனவள் அங்கிருந்தே சொன்னாள்.

"உறுத்தலீங்க."