மூத்தவளுக்குப் பதினெட்டு வயதான நாள்

எங்கள் பெரியண்ணை யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில், சந்தைக்குப் பின்னால் இருந்த சிறிய வீட்டில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. அவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலர் இருக்கும். அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி என்னைத்தான் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடினால் சுவர்ப்பக்கம் போய் நிற்கிறவன்.

"அண்ணி, படிச்ச ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம்," என்றேன்.

"அவை எழுதினா வடிவா எழுதுவினம், தம்பி. எனக்கு நடந்தது வேணும்," என்றார்.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். வடிவாக இராது.

எங்களைப் பெற்ற ஐயா இளவயதிலேயே காலமானார். பெரியண்ணை பள்ளிக்கூடத்தை விட்டுச் சந்தையில் மூட்டை ஏற்றினார். பிறகு லொறிக்கு உதவியாளாகப் போய், சாரதியாகி, தேங்காயும் மாம்பழமும் கொழும்புக்கு ஏற்றினார். அக்காமார் இருவரையும் கட்டிக் கொடுத்த பிறகுதான் அண்ணியைக் கைப்பிடித்தார். அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அவருக்கு யசோ மூத்த பிள்ளை. அவளுக்குப் பின் இரண்டு ஆண்பிள்ளைகள். யசோ பேசத் தொடங்கிய நாளிலிருந்து, லொறியால் இறங்கினால் அவளோடு கதைத்த பிறகே குளிக்கப் போவார்.

கலவரத்தில் லொறியை எரித்தார்கள். பிறகு ஊரில் இராணுவம் ஆண்களைப் பிடிக்கத் தொடங்கியது. பெரியண்ணையும் நானும் புறப்பட்டோம். கிழக்கு பெர்லினுக்கு விமானம், அங்கிருந்து ரயில், பிறகு டென்மார்க். குடும்பமாக வருவதற்கு எங்களிடம் வசதி இல்லை. வாசலில் யசோ கேட்டாள்: "அப்பா, எப்ப கூப்பிடுவியள்?"

"போய்க் கால் வைச்ச உடனை எழுதிப் போடுவன். அந்த நாட்டுச் சட்டம் நல்லதாம், பிள்ளை."

சட்டம் நல்லதாகத்தான் இருந்தது. அகதி என்று ஏற்கப்பட்டவர் மனைவியையும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் அழைக்கலாம். அது தயவு அல்ல, உரிமை. எங்களை ஏற்றுக்கொண்டார்கள். ஹொல்ஸ்டெப்ரோவில் வீடு தந்தார்கள். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடாத மனிதர், வெள்ளிக்கிழமையும் பன்றித் தொடையில் எலும்பு எடுத்தார். வேலை இருந்தால் விண்ணப்பத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் போட்டார். யசோவுக்கு அப்போது பதினைந்து வயது.

பதில் வரவில்லை.

எங்கள் மாடிக் கட்டடத்தில் குடியிருந்த ஈரான்காரர் எங்களுக்குப் பிறகு விண்ணப்பித்தவர். அவருடைய மனைவி வந்து, பிள்ளையும் பிறந்துவிட்டது. ஸ்கீவவிலும் சில்க்போர்க்கிலும் இருந்த தமிழரைக் கேட்டோம். ஒருவருக்கும் பதில் இல்லை. தமிழருடைய விண்ணப்பங்களை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று மேலிடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அப்போது நாங்கள் எங்கள் கடதாசியில் பிழை என்று நினைத்தோம். பெரியண்ணை பிறப்புச் சான்றிதழ்களை மறுபடியும் மொழிபெயர்ப்பித்து அனுப்பினார்.

ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனபோது நானும் கூடப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, "உங்கள் நாட்டில் சமாதானம் வருகிறது. நீங்கள் திரும்பிப் போகலாம் அல்லவா?" என்றார். அந்தக் கிழமை அண்ணி பிள்ளைகளோடு கோயில் மண்டபத்தில் படுத்திருந்தார். வீட்டுக் கூரையில் செல் குண்டு விழுந்திருந்தது. பெரியண்ணை அதை டெனிஷில் சொல்ல முயன்றார். செல்லுக்கு டெனிஷ் சொல் அவருக்குத் தெரியவில்லை. கையால் காட்டினார். அந்தப் பெண் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தொழிற்சாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவன் இருந்தான். எங்களைக் கண்டால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும்படி சொல்லுவான்: "இவர்கள் என்ன ஆண்கள்? சண்டைக்குள் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் தப்பி வருகிறார்கள்." இந்த நாடு எங்கள் பெண்களுக்குக் கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு, அவர்களை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று எங்களை ஏசியது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

தொழிற்சாலையில் பெரியண்ணையின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் யசோவின் படம் ஒட்டியிருந்தது. அடுத்த அலுமாரிக்காரர் யென்ஸ், எங்களைவிட வயதானவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் படத்தைப் பார்த்துப் பெயர் என்ன, பிறந்தநாள் எப்போது என்று கேட்டார். பெரியண்ணை சொன்னார். அதை அவர் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

இந்த நாட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் தகப்பனுக்கும் கை கொடுப்பார்கள். மேசையில் சிறிய டெனிஷ் கொடி ஒன்றைத் தண்டோடு வைப்பார்கள். பதினெட்டாவது பிறந்தநாள் இன்னும் பெரிது. அன்றைக்கு நாங்கள் சாப்பிடப் போனபோது பெரியண்ணை வழக்கமாக இருக்கும் இடத்தில் கொடி நின்றது, பக்கத்தில் கிறீம் கேக். யென்ஸ் எழுந்து, "தில்லுக்க" என்று வாழ்த்திக் கை நீட்டினார். "உன் மகள் வளர்ந்துவிட்டாள். இனி அவள் யாரையும் கேட்கத் தேவையில்லை."

பெரியண்ணை கையைக் கொடுத்தார். பிறகு கொடியை எடுத்து யென்ஸின் முன்னால் வைத்தார்.

"இன்று முதல் அவள் வர முடியாது," என்றார் டெனிஷில். "பதினெட்டு என்றால் பிள்ளை இல்லை. சட்டம்."

"ஆனால் நீ விண்ணப்பித்தபோது அவள் பிள்ளைதானே," என்றார் யென்ஸ்.

"ஓம். அவர்கள் இந்த நாள் வரும்வரை காத்திருந்தார்கள்."

யென்ஸ் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியண்ணை சொன்னார்: "இதை நீ வைத்திரு. அவள் வரும்போது மேசையில் வை." பிறகு கேக்கை எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார், எங்களை ஏசுகிறவனுக்கும். தான் சாப்பிடவில்லை.

பிறகு விண்ணப்பங்களை நிறுத்தி வைத்த விடயம் வெளியே வந்தது. பத்திரிகைகள் எழுதின. விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அண்ணிக்கும் ஆண்பிள்ளைகள் இருவருக்கும் அனுமதி வந்தது. யசோ வயது வந்தவர், குடும்பத்தில் சேரமாட்டார் என்று எழுதியிருந்தார்கள். அண்ணி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் தன் சின்னம்மா வீட்டில் இருந்தார். தொலைபேசியில் அழுதார். "நான் இவளை விட்டிட்டு எப்பிடி வாறது, சொல்லுங்கோ." யசோதான் தாயிடமிருந்து ரிசீவரை வாங்கினாள். "அப்பா, அம்மாவைக் கூப்பிடுங்கோ. தம்பியவை வளந்திட்டினம். இஞ்சை நிண்டா பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். நான் சமாளிப்பன்."

விமான நிலையத்தில் மூவரும் வெளியே வந்தார்கள். பெரியண்ணை பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தார். அண்ணியின் பையை வாங்கினார். வாங்கிய பிறகும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். இளையவன் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, வேறை ஒருத்தரும் இல்லை," என்றான்.

அதன் பிறகு யசோவுக்காக மறுபடியும் மறுபடியும் விண்ணப்பித்தார். தாமதம் யாருடையது என்று ஒவ்வொரு முறையும் எழுதுவித்தார். ஒவ்வொரு முறையும் வயதைச் சொல்லித்தான் பதில் வந்தது.

எங்கள் விண்ணப்பங்களை நிறுத்தியது பற்றிய பெரிய விசாரணை முடிந்து, அரசாங்கமே பதவி விலகியது என்று தொலைக்காட்சியில் சொன்ன மாலையில் எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ரோல்ஸ் பொரித்தார்கள். "அண்ணை, பாத்தியளே. எங்களுக்காக ஒரு அரசாங்கம் விழுந்திட்டுது," என்று ஒருவர் பெரியண்ணையின் தோளில் தட்டினார்.

"விழட்டும். என்ர பிள்ளையின்ர வயது பின்னுக்குப் போகுமோ?" என்றார் அவர்.

ஒருவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

அதே ஆண்டில் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வைத்தியசாலையில் சில நாட்கள் இருந்தார். கடைசி நாட்களில் வலி என்று ஒருமுறையும் சொல்லவில்லை. "யசோவுக்கு அறிவிச்சிட்டியோ?" என்று மட்டும் என்னைக் கேட்டார். அறிவித்திருந்தோம். செத்தவீட்டுக்கு வந்துபோக அவள் விசா கேட்டாள். வந்தால் திரும்பிப் போகமாட்டாள் என்று மறுத்துவிட்டார்கள். எந்தத் தகப்பனிடம் தங்கிவிடப் போகிறாள் என்று நினைத்தார்களோ தெரியாது.

மகள் இல்லாமலே எரித்தோம். சாம்பலையாவது மகள் கையால் கடலில் கரைக்க ஒருவர் இலங்கைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாருடைய அகதிப் பயணப் புத்தகத்திலும் 'இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும்' என்று அடித்திருக்கிறது. துக்கம் கேட்க வந்த யென்ஸ் இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் கோப்பியைக் கலக்கினார். பிறகு, "எனக்கு விடுமுறை இருக்கிறது. டெனிஷ்காரர் அங்கே கடலில் குளிக்கத்தானே போகிறார்கள். என்னை ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள்," என்றார்.

சொந்தக்காரரில் ஒருவர் என்னை மூலைக்கு இழுத்தார். "பண்டி வெட்டுறவனிட்டைக் குடுத்தே சாம்பல் அனுப்பப் போறாய்?"

"அண்ணையும் பண்டிதான் வெட்டினவர்," என்றேன். நான் ஒருவருக்கு முகத்துக்கு நேரே சொன்ன பதில் அது ஒன்றுதான்.

யென்ஸ் போனார். கொழும்பு விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்களாம். அங்கே முகத்துவாரக் கடலில் யசோவே சாம்பலைக் கரைத்தாள். அவள் தொலைபேசியில் சொன்னது: "சித்தப்பா, அவர் வேட்டி கட்டிக்கொண்டு என்னோடை தண்ணிக்கை இறங்கினவர். ஐயர் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு ஒரு கொடியைத் தந்து, இது உன்ரை எண்டார். நான் திருப்பிக் குடுத்திட்டன். அப்பா சொன்ன இடத்திலையே இருக்கட்டும் எண்டன்."

கொடி இப்போதும் யென்ஸின் அலுமாரியில் இருக்கிறது. யசோ இப்போதும் வெள்ளவத்தையில் இருக்கிறாள்.

இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் இங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நன்றிப் பக்கத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்தார். 'எம்மை அன்புடன் வரவேற்ற டென்மார்க் அரசுக்கு' என்று அது தொடங்கியது.

"இதைப் போடாட்டிச் சரியில்லை. டெனிஷ்காரரும் பாப்பினம்," என்றார்.

"அவைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது," என்றார் அண்ணி. பிறகு பேனையை என்னிடம் தந்தார்.

வைத்தியசாலையில் மாறிமாறி இருந்தவர்கள், சமைத்துக் கொண்டுவந்தவர்கள், தூர ஊர்களிலிருந்து பனியில் கார் ஓடி வந்தவர்கள், கிரியைகளை நடத்திய ஐயர், தேவாரம் பாடியவர்கள், எங்கள் மாடிக் கட்டடத்து ஈரான்காரக் குடும்பம், யென்ஸ், கொழும்பில் யசோவுக்குத் துணையாக இருக்கும் சின்னம்மா ஆகிய எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எழுத்துப் பழக்கம் இல்லாதவன் எழுதியது. யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் அது என் மறதி, பொறுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தின் பெயர் மட்டும் மறதியால் விடுபடவில்லை.