அய்யா ஊற்றிய ஆயில்

சூடாக வடியும் எஞ்சின் ஆயிலின் வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும். எந்தப் பட்டறையைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறினாலும் கால் ஒரு நிமிடம் தயங்கும், அடுத்த நிமிடமே எரிச்சல் வந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள் வாயைத் திறந்து பேசியிருக்க வேண்டியதையெல்லாம் இந்த ஆயிலை வைத்தே பேசிக்கொள்ளப் பார்த்தார்கள், அது எப்படி முடிந்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

எங்கள் தெரு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தை அடுத்த கடற்கரையில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. இதெல்லாம் நடந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும், அருள் அண்ணனுக்கு இருபது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவோடு மீன்பிடி வல்லத்தில் போய்வந்துகொண்டிருந்தவன், ஒருநாள் கரையேறிய கையோடு, "இனி நான் கடலுக்கு வரலைய்யா" என்று சொல்லிவிட்டான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ராமநாதபுரத்தில் ஒரு கூரியர் கம்பெனியில் தற்காலிக வேலை தேடிக்கொண்டான். அதுவரை சேர்த்துவைத்திருந்த மீன்பிடிப் பங்குக் காசில், மதுரையில் யாரோ ஓட்டிச் சலித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்கிவந்தான். குனிந்து படுத்து ஓட்டுகிற மாதிரி, பின் சீட்டு வானத்தைப் பார்க்கும் அந்த வண்டிக்குத் தெருவில் "ரேஸ் வண்டி" என்று பெயர் விழுந்தது. "கடலுக்கு வர மாட்டாராம், ரோட்டுல பறப்பாராம்" என்று அய்யா அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அவனோடு அவருக்குப் பேச்சில்லை.

அண்ணன் அந்த வண்டியைப் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தான். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று தினம் சாயங்காலம் நல்ல தண்ணீரில் துடைப்பான். "குடிக்கத் தண்ணி இல்ல, இவன் வண்டியக் குளுப்பாட்டுறான்" என்று அம்மா முணுமுணுப்பாள். ஆயில் மாற்றுவதை மட்டும் எந்த மெக்கானிக்கிடமும் விடமாட்டான். தன் எஞ்சினுக்குத் தானே ஆயில் மாற்றத் தெரியாதவன் ஆம்பளையே இல்லை என்பது எங்கள் கடற்கரையின் கர்வம். கடலை விட்டு வந்தவனுக்கும் அந்தக் கர்வம் விடவில்லை. எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்குவான். பக்கவாட்டு மூடிகளைக் கழற்றித் திருகாணிகளைச் சிரட்டையில் போட்டுவைப்பான். அடிநட்டை ஸ்பேனரால் தளர்த்தி, கடைசிச் சுற்றை விரலால் திருகிக் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வான். கருத்த ஆயில் தகர டப்பாவில் விழும். ஃபில்டரும் வாஷரும் புதிதாக மாட்டி, ராமநாதபுரத்திலிருந்து அந்த வண்டிக்கென்றே வாங்கிவந்த ஆயிலை ஊற்றி, எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக மட்டம் பார்ப்பான்.

வடித்த ஆயிலை எங்கள் பக்கத்தில் யாரும் கொட்டுவதில்லை. வல்லத்துப் பலகைக்கும் நங்கூரத்துக்கும் பூசினால் உப்பு ஏறாது. அதனால் அண்ணன் அந்த டப்பாவை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவான். சற்று நேரம் கழித்து அய்யா வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடப்பார். பேச்சு நின்ற அந்த ஒரு வருடத்தில் அவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் அது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் நடுவில் அம்மா இருந்தாள். "அவனச் சாப்பிடச் சொல்லு", "அவருட்ட கரண்டு பில்லக் கேளு" என்று இரண்டு பக்கமும் தூது போயே அவள் ஓய்ந்துபோனாள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் காலையில் கூரியர் கம்பெனியின் மேலாளர் மதுரையிலிருந்து வருவதாகவும், தற்காலிக ஆட்களில் ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாகவும் அண்ணன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டிய நாளும் தாண்டிவிட்டது, அதற்கு நேரமில்லாமல் தேவிபட்டினத்தில் கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வேனில் போய்விட்டான். அம்மா வழக்கம்போல இதையும் அய்யாவின் காதில் போட்டுவைத்தாள். பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும், அய்யா வெள்ளை வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கைலியைக் கட்டிக்கொண்டு ரேஸ் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வருடமாகத் தொலைவிலிருந்தே எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார் போலிருக்கிறது. மூடிகளைக் கழற்றுவதிலிருந்து கண்ணாடியில் மட்டம் பார்ப்பதுவரை அண்ணன் செய்தபடியே செய்தார். வாஷரைப் பெட்டிக்கடைக்குப் பக்கத்து ஒர்க்ஷாப்பில் கேட்டு வாங்கிவந்தார். ஊற்றிய ஆயில்தான் வேறு. வல்லத்து எஞ்சினுக்கு மாற்றுவதற்காக வாங்கிவைத்திருந்த புது டப்பாவின் சீலை உடைத்து, இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து, "என்னா வழுவழுப்பு பாத்தியா, கடல்ல விடிய விடிய ஓடுற எஞ்சினுக்கே தாங்குது, இதுக்கென்ன" என்று சொல்லிக்கொண்டு ஊற்றிவிட்டு, உடைத்த டப்பாவைக் கிணற்றடியில் வைத்தார். அப்படியானால் வல்லத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அது பழய ஆயிலுலயே இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நாளைக்கு அவனுக்கு முக்கியமான நாளாம்ல. நடுவழில வண்டி நின்னுறக் கூடாது" என்றார். அடுக்களையிலிருந்து அம்மா, "மகன் கூடப் பேச மாட்டாராம், மகன் வண்டி கூடப் பேசுவாராம்" என்றாள். அய்யா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

ரேஸ் வண்டியின் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு ஓடுபவை. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காது, எஞ்சின் அலறும், சக்கரம் நகராது. வல்லத்து எஞ்சினில் இந்தச் சங்கதியே கிடையாது; அங்கே வழுக்கல்தான் நல்ல ஆயிலுக்கு அடையாளம். இதை நான் பெரியவளாகி, சொந்தமாக ஒரு வண்டி வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். அத்தனை வருடம் கடலில் எஞ்சினோடு புழங்கிய அய்யாவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

திங்கட்கிழமை காலையில் பாம்பன் பாலத்தில் எதிர்காற்றில் வண்டி கைவிட்டது. எவ்வளவு முறுக்கினாலும் சத்தம் மட்டும் ஏறியது, பின்னால் பஸ்ஸும் லாரியும் ஆரன் அடித்தன. அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டே பாலத்தைக் கடந்து, ஓரமாக ஒரு கடையில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மேலாளர் வேறொருவனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். சாயங்காலம் லோடு ஆட்டோவில் வண்டி வீட்டுக்கு வந்தது. அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். கிணற்றடிப் பக்கம் போனான், திரும்பி வந்தான், பிறகு விறுவிறுவென்று கடற்கரைக்கு நடந்தான். நானும் பின்னால் ஓடினேன்.

அய்யா நாலைந்து ஆட்களோடு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் பேசினான்.

"என் வேலையக் கெடுக்கணும்னே ஊத்துனீங்கள்ல? நான் போக்கிடம் இல்லாம திரும்ப உங்க வல்லத்துக்கே வரணும்னுதான?"

வலை பொத்திய கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அய்யா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கோபப்படுவார், எழுந்து ஓர் அறை விடுவார் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறந்ததிலிருந்து "ஏலே" என்று மட்டுமே கூப்பிட்ட பிள்ளையிடம், யாரோ வெளியாளுக்குச் சொல்வதுபோல, "சரிப்பா" என்றார். மறுபடி வலையில் குனிந்துகொண்டார்.

ஆயிலை வடித்துப் புதிது ஊற்றியும் கிளட்ச் தேறவில்லை. தட்டுகள் தேய்ந்து போயிருந்தன. அண்ணன் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டு, விசா எடுத்துக் குவைத்துக்குப் போனான். போகிற அன்று அய்யா கடலுக்குப் போய்விட்டார், வேண்டுமென்றேதான் போனார். அதன் பிறகு அண்ணன் விடுமுறைக்கு வருவான், அய்யா அந்த நாட்களில் பெரும்பாலும் கடற்கரையிலேயே படுத்துக்கொள்வார். இப்படியே வருடங்கள் ஓடின. கடைசிவரை அவர் அந்த ஆயில் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. மகன் தன்னை அப்படி நினைத்துவிட்டானே என்பதை அவரால் செரிக்கவே முடியவில்லை என்று அம்மா மட்டும் சொல்வாள்.

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ரேஸ் வண்டி நிற்கிறது. ஆயில் மாற்ற நாள் வந்தால் போனில் தகவல் வருகிறது, சர்வீஸ் ஆள் வந்து வண்டியை எடுத்துப்போகிறான். கையில் கறை படிந்த ஒரு பையனையும் காணோம். அய்யா போன வருடம் இறந்துபோனார். அண்ணன் விமானம் பிடித்து வந்துசேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த ஒரு மத்தியானம் நான் அவனைச் சும்மா விடவில்லை. எனக்குள் அத்தனை வருட ஆத்திரம் இருந்தது. அது கெடுப்பதற்காக ஊற்றியது இல்லை, வல்லத்துக்கு வைத்திருந்த புது ஆயிலை உடைத்து உனக்கு ஊற்றினார், நடுவழியில் நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் ஊற்றினார் என்று அவனுக்கு உறைக்கும்படியே சொன்னேன். இதைக் கேட்டு அவன் உடைந்து அழ வேண்டும் என்று விரும்பினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அவன் அழவில்லை. "தெரியும் ரீத்தா" என்றான்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. கிணத்தடில டப்பாவப் பாத்தேன்ல. புதுச உடைச்சு ஊத்திருக்காருன்னு தெரிஞ்சுதான் கடக்கரைக்கு வந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா அப்படிக் கேட்ட?"

"ஒரு வருசமா பேசாத மனுசன். நாலு பேரு முன்னாடி எம்மேல கோவப்பட்டாவது பேசுவாருன்னு நெனச்சேன்" என்றான். எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

மகன் தன்னைச் சந்தேகப்பட்டான் என்று நினைத்தே அய்யா செத்தார். அவன் சந்தேகப்படவில்லை, எல்லாம் தெரிந்துதான் சொன்னான் என்று முன்பே எனக்குத் தெரிந்து, நானாவது போய்ச் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, இன்னும் வலித்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆள் இல்லை.