அஞ்சாவது மரம்

கங்காதரன் மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கட்டுமரம் ஓட்டினவன். தலை நரைத்த பிறகும் ஊரில் அவனுக்கு ‘ஷோ’ கங்காதரன் என்றுதான் பேர். கேலிக்கு வைத்த பேர். வைத்தவர்கள்தான் விவரம் கெட்டவர்கள்.

எழுபத்தாறாம் வருஷம், ஐப்பசி. கடல் நாலு நாளாக யாரையும் உள்ளே விடவில்லை. கட்டுமரங்களைக் கயிறு அவிழ்த்து, மரம் மரமாக மேட்டில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். வேலையில்லாத ஆம்பிளைகள் வலைக்கொட்டகையில் உட்கார்ந்து மூணு சீட்டு ஆடினார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் கங்காதரன் சீட்டை விரித்தான். மூணும் ராணி. தும்மல் வந்த மாதிரி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். இதை அடிக்க மூணு ராஜா வேணும், இல்லையென்றால் மூணு ஆசு. அந்த மாதிரிச் சீட்டு விழுந்து அவன் பார்த்ததே ரெண்டு தரம்தான்.

மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிட்டார்கள். தாண்டவராயன் மட்டும் விடவில்லை. போட்டுப் போட்டு அவன் மடி காலி. கங்காதரனிடம் ஒரே ஒரு பத்து ரூபாய்.

“இன்னா மச்சான், துட்டு தீந்தா ஆட்டம் தீந்துச்சா?” என்றான் தாண்டவராயன். “பத்தப் போடு. அடுத்த சுத்து என் நடுமரத்த வைக்கிறேன். நீயும் உன்னுத வை.”

“வையி அண்ணாத்த!” வேடிக்கை பார்த்த சிங்காரம் துள்ளினான். “ஒரு மரம்தானே? மிச்சம் மூணு கீதுல்ல!”

பத்தைப் போட்டுப் பேசாமல் இருந்தால் ஆட்டம் மரத்துக்குப் போகும். பத்தைப் போட்டு ஷோ கேட்டால் சீட்டைத் திருப்ப வேண்டியதுதான், அதோடு முடிந்தது.

கங்காதரன் வெளியே பார்த்தான். அவனுடைய நாலு மரமும் நனைந்து கிடந்தன. ஒன்றுக்கு ஒன்று இழைத்துச் சேர்த்த மரங்கள். ஜெயித்தால் தாண்டவராயன் மரம் வரும். அதை எங்கே வைத்துக் கட்டுவது? ஒரு முழம் கூடுதல் நீளம், வளைவும் வேற. தோற்றாலோ, மூணு மரத்தைக் கட்டிக்கொண்டு அலை தாண்ட முடியாது. ஒரு மரம் போனால் நாலும் போன மாதிரிதான். சிங்காரத்துக்கு அது உறைக்கவில்லை.

பத்தைப் போட்டான்.

“ஷோ.”

தாண்டவராயன் திருப்பினான். ரெண்டு ஏழு, கூட ஒரு துக்கடாச் சீட்டு. மூணு ராணியைப் பார்த்ததும் கொட்டகையே சிரித்தது.

“மூணு ராணிய வச்சிகினு ஷோ கேட்டான்யா!” சிங்காரம் தலையில் அடித்துக்கொண்டான்.

வூட்டிலும் அதே பாட்டு. “அவன் மரத்தயும் இஸ்துகினு வந்திருக்கலாம்ல?” என்றாள் பெண்சாதி ஆதியம்மாள்.

“வந்து? அஞ்சாவது மரத்த உன் இடுப்புலயா கட்றது?”

அஞ்சாம் நாள் விடியக் கடல் அடங்கியது. தாண்டவராயன் தன் நடுமரத்தை மிதித்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டான், “இன்னா ஷோ, போலாமா?”

“இரு, வர்றேன்” என்றான் கங்காதரன். நாலாவது மரத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.