மதியம் வரை நோயாளிகள்

ஜனவரி பதினொன்று, காலை ஐந்து நாற்பது, மைனஸ் மூன்று டிகிரி. இங்கிலாந்தில் எங்கள் தெருவில் பத்தொன்பது வீடுகள், ஐம்பத்தேழு குப்பைத் தொட்டிகள். மனிதர் ஒருவரையும் காணோம். எங்கள் தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தபோது திருத்தணியிலிருந்து நர்சிங் கல்லூரி முதல்வர் பேசினார். தொடங்கிய நாளிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். இப்போது அது பல்கலைக்கழகம்.

"சார், வெள்ளிவிழா மலருக்கு நம்ம வரலாறு எழுதிக் குடுங்க."

"என் பொண்ணோட பயிற்சிச் சான்று என்னாச்சுங்க? எட்டு மாசமா கேட்டுகினு இருக்கேன்."

"ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடலாம் சார்."

மிரட்டல் இவ்வளவு மரியாதையாகத்தான் வரும். அந்தச் சான்று இல்லாமல் என் மகள் செல்விக்கு இங்கே நர்ஸ் பதிவு கிடையாது. முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டும் வேலைதான். அந்த விசாவும் ஜூனில் முடிகிறது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். போனைக் காட்டி, "யுனிவர்சிட்டி" என்றேன். எனக்கு ஏதோ பட்டம் கிடைத்துவிட்டதென்று நினைத்து, "லவ்லி!" என்று கைதட்டிவிட்டு உள்ளே போனாள்.

வரலாறு எனக்குத் தெரியாதா? நெல் குடோனில் முப்பது மாணவிகளோடு தொடங்கினோம். அனுமதி தர நூறு படுக்கை மருத்துவமனை வேண்டும் என்றார்கள். கட்டில் நூறு இருந்தது. நோயாளிகள் ஏழு பேர். ஆய்வுக்குழு வந்த அன்று அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் தொண்ணூற்று மூன்று பேரை ஐந்து வேன்களில் ஏற்றிவந்து படுக்கவைத்தது நான்தான். ஆய்வாளர், படுத்திருந்த நெசவாளர் ஒருவரிடம், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. மத்தியானம் வரைக்கும் படுத்துகினு இருக்கச் சொன்னாங்க."

"சும்மா கெடய்யா, பிரியாணி போயிடப்போவுது!" என்றது பக்கத்துக் கட்டில்.

"மனநலப் பிரிவு சார்" என்றேன். அனுமதி கிடைத்தது. பிறகு ஆறு கட்டடங்கள், பதினான்கு பேருந்துகள். ஊழியர் சலுகையில் செல்வியையும் அங்கேயே சேர்த்தேன். பெண்ணை நர்சிங்கில் சேர்க்கப்போகிறவர்கள் கட்டடங்களை எண்ணாதீர்கள். கட்டில்களைப் போய்ப் பாருங்கள்.

உண்மையை எழுதப்போகிறேன் என்று செல்வியிடம் சொன்னேன்.

"நாலு வருஷம் தலையணைக்குத்தான் ஊசி போட்டேன் நைனா. அதையும் எழுதுவியா? இந்த ஊர் பரீட்சையை நானே படிச்சு பாஸ் பண்ணேன். காயிதம்தான் பாக்கி. அதையும் கெடுத்துடாதே."

நான்கு பக்கம் எழுதினேன். முதல் நாளிலிருந்தே நூறு படுக்கைகளும் நிரம்பியிருந்தன என்று எழுதினேன். சான்று வந்தது. செல்வி இப்போது நர்ஸ். அங்கே வெள்ளிவிழா மலரில் என் பொய்க்கு மேலே என் பெயரும் படமும் இருக்கின்றன. இங்கிருந்து எழுதும் இந்த உண்மைக்குப் பெயர் போட எனக்குத் தைரியமில்லை. எனக்கு ஆன செலவு, சான்று வந்த கூரியருக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.