என் கணினியில் மட்டும் தெரிந்த கட்டம்

ரயில் ரசிகர்களுக்கான எங்கள் இணையக் குழுவுக்கு நான்தான் அட்மின். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் முனிரத்தினம், தான் சேர்த்துவைத்த பழைய டிக்கெட்டுகளின் படங்களை அதில் போடுவார். கீழே கட்டணத்தையும் எழுதுவார். மற்றவர்கள் 'ரூ.' என்று எழுத, அவர் மட்டும் ₹ போடுவார். நான் எப்போதும் குழுவைப் பார்க்கும் என் வீட்டுக் கணினியில் அது வெறும் கட்டமாகத் தெரிந்தது.

"ரூபாய் குறியைக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதா?" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன். "ஸாரி சார்" என்று அழித்துவிட்டு மறுபடி போட்டார். அப்போதும் கட்டம்தான். மூன்றாம் முறை பதிவையே நீக்கிவிட்டேன்.

அடுத்த மாதம் புது இன்ஜின் ஒன்றைப் பார்க்கக் காட்பாடி பிளாட்பாரத்தில் கூடினோம். முனிரத்தினம் தயங்கியபடியே போனை நீட்டினார்.

"சார், இதுக்காகவே புது போன் வாங்கிட்டேன். இப்பவாச்சும் கரெக்டா தெரியுதா?"

₹ தெளிவாகத் தெரிந்தது. என் போனை எடுத்து அவருடைய பழைய பதிவுகளைத் திறந்தேன். எல்லாவற்றிலும் ₹ இருந்தது. கோளாறு என் வீட்டுப் பழைய கணினியில்.

"எங்களுக்கு எப்பவும் நல்லாத்தான் சார் தெரிஞ்சுது. நீங்க அட்மினாச்சே, இன்னா சொல்றதுன்னு வுட்டுட்டோம்" என்றார் பக்கத்தில் நின்ற இன்னொரு உறுப்பினர்.

வீட்டுக்கு வந்து முனிரத்தினத்திடம் மன்னிப்புக் கேட்டேன். குழுவில் அல்ல, அவர் மட்டும் பார்க்கும் தனிச் செய்தியில்.

"பரவால்ல சார். புது போன்ல ரயில் போட்டோ நல்லா வருது" என்று பதில் வந்தது.

குழுவில் நான் அவரைத் திட்டியது இன்னும் அப்படியே இருக்கிறது. அட்மினும் நான்தான்.