நிலாவில் இருந்தவள்

மைனஸ் அக்காவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவருக்கு உறைபதனக் கிடங்கில் வேலை. மைனஸ் இருபது டிகிரி அறை, அந்தப் பெயரும் அதனால்தான்; பட்டாணி மூட்டைகள், மீன் பெட்டிகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே போய் வெப்பநிலையைக் குறித்துவிட்டு வர வேண்டும். லாரிக்காரர் வந்தால் கதவைத் திற, கதவை மூடு, அவ்வளவுதான் அன்றைய பேச்சு. வீட்டிலும் தனி ஆள். அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு, "உன் கிரகத்துல இன்னிக்கு மழையா வெயிலா?" என்று கிண்டலடிப்பார்.

ஆமாம், அக்காவிடம் ஒரு கிரகம் இருந்தது. பதினொரு வருட உழைப்பு, ஏழு நோட்டு.

அக்காவையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர் விண்வெளிக் கதை எழுதும் குழு. ஒருவர் உருவாக்கிய உலகத்தை இன்னொருவர் கணக்குப் போட்டு உடைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். உடையாமல் நின்றால்தான் அதில் கதை எழுதலாம். இத்தனை வருடமும் நோட்டைக் கண்ணில் காட்டாதவர், போன மாதம் என் கையில் கொடுத்து, "பாத்து உடைம்மா" என்றார்.

சிறிய சிவப்பு நட்சத்திரம் ஒன்றை ஒட்டிச் சுற்றும் கிரகம் அது. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இருட்டு. நடுவே வளையமாக ஓடும் அந்தி நிலத்தில் ஊர். ஈரமெல்லாம் இருட்டுப் பக்கம் போய் உறைந்துவிட்டால் ஊருக்குத் தண்ணீர் ஏது என்று குதித்தேன். அடுத்த பக்கத்திலேயே பதில் இருந்தது. கிடங்குக் கதவைத் திறக்கும் போதெல்லாம் குளிர்க்குழாயில் படியும் பனியைத் தினமும் சுரண்டுகிறவர் அல்லவா! இருட்டுப் பக்கத்தில் பனி மலையாகக் குவிந்து, தன் கனத்தாலேயே நகர்ந்து, அந்தி நிலத்தில் உருகி ஆறாக ஓடியது. சந்தோஷத்தில் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தேன்.

பிறகு நிலாவுக்கு வந்தேன். அங்கே ஒரே ஒருத்தி இருந்தாள். மேலிருந்து ஊரின் விளக்குகளைப் பார்த்து, எது அணைந்தாலும் கீழே தகவல் சொல்வது அவள் வேலை. ஏழில் மூன்று நோட்டு அவளுக்குத்தான். அக்கா எழுத நினைத்த கதையே அவளுடையதுதான்.

மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை. மறுநாள் மதிய இடைவேளையில் கிடங்குக்குப் போனேன்.

"அக்கா, நிலா நிக்காது."

விளக்கினேன். கிரகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஒன்பது நாள்; நட்சத்திரத்தைச் சுற்றவும் அதே ஒன்பது நாள், அதனால்தான் ஒரு பக்கம் எப்போதும் பகல். நிலாவோ ஒன்றரை நாளில் அதைச் சுற்றி வந்துவிடுகிறது. அப்படி முந்தி ஓடும் நிலாவுக்குக் கிரகத்தின் இழுப்பு பிரேக் போட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் நொறுங்கிவிடும். தள்ளி வைத்தால் நட்சத்திரம் பிடுங்கிக்கொள்ளும். ஊர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே நிலா போயிருக்கும்.

அக்கா கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். எனக்குத் தாங்கவில்லை. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டார்கள், அப்படியே விட்டுவிடலாம் என்றேன்.

"நீ போட்டுப் பாத்தியே."

வெப்பநிலை குறிக்கும் நேரம் வந்தது. பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே போனவர், வழக்கத்தைவிட நேரம் கழித்து வெளியே வந்தார்.

"அப்ப அவ எங்க போவா?"

"இருட்டுப் பக்கம் வெச்சுடலாமா அக்கா? பனிக்கு நடுவுல, தனியா."

"அங்கதான் நான் தினம் இருக்கேனே" என்று சிரித்தார்.

ஒரு வாரம் சத்தமே இல்லை. என்னால்தான் எழுதுவதையே விட்டுவிட்டாரோ என்று பயந்துபோனேன். பிறகு ஒரு மாலை போன் வந்தது. அதுவரை அவராகக் கூப்பிட்டதே இல்லை. அவளை ஊருக்குள்ளேயே இறக்கிவிட்டாராம். ஆற்றோரம் ஒரு வீடு, பக்கத்திலேயே இன்னொரு வீடும் கட்டியாயிற்றாம்.

"ஒரு சந்தேகம்மா. பக்கத்து வீட்டுக்காரங்க வாசல்ல சும்மா நிக்கும்போது என்ன பேசிக்குவாங்க?"

அது கணக்குப் போட்டு வராது, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன், பேசிப் பார்ப்போம் என்றேன்.

அந்தப் பக்கம் எதையோ தரையில் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நாற்காலி ஒண்ணுதாம்மா இருக்கு" என்றார்.